கணினி விளையாட்டு வகைமைகளும் ஆட்டக்காரரின் மாறும் விருப்பமும்

முன்னுரை

குழந்தையின் விளையாட்டு திங்களுக்குத் திங்கள் மாறும் என்பதைப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பாட்டியல் மரபின்படி 5ஆம் திங்களில் செங்கீரை ஆடும் குழந்தை 9ஆம் திங்களில் சப்பாணி கொட்டும். 21ஆம் திங்களில் சிறுதேர் உருட்டும். ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் உரியன. பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் உரியன. விளையாட்டு என்பது பருவத்தோடும் பாலோடும் பிணைந்தது என்னும் தெளிவு இவ்விலக்கிய வகைமையின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. ஆயின் சிறுதேர் உருட்டி முடித்த பிள்ளை பத்து வயதில் எதை விரும்பியது, இருபது வயதில் அதை ஏன் கைவிட்டது, நாற்பதில் எதனிடம் திரும்பி வந்தது என்பன பற்றி அவ்வகைமை பேசுவதில்லை. பேசுவது அதன் நோக்கமும் அன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைக் குறிப்பிடுகிறார். செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட ஒன்றை இன்று நம் வகுப்பறைகளில் எவ்வாறு நடத்துகிறோம்? 'கணினி விளையாட்டின் நன்மை தீமைகள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம். மாணவர் மூன்று நன்மைகளையும் நான்கு தீமைகளையும் எழுதி, பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்று முடித்து, மதிப்பெண் பெற்று, வீடு திரும்பியதும் கைப்பேசியைத் திறக்கிறார். அக்கட்டுரையில் அவர் நம்பி எழுதிய வாக்கியம் ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. அவர் உண்மையாக அறிந்த ஒன்றைத் தமிழில் சொல்ல நாம் இன்னும் இடந்தரவில்லை. இக்கட்டுரை அந்த இடத்தை நோக்கிய சிறு முயற்சியாகும். ஓர் ஆட்டக்காரரின் வகைமை விருப்பம் காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை இது விளக்க முற்படுகிறது.

வகைமையே நகரும் நிலை

விருப்பம் மாறியது என்று சொல்லுமுன், விரும்பப்பட்ட பொருள் மாறாமல் இருந்ததா என்று பார்த்தல் வேண்டும். இலக்கிய வகைமைகளைக் கற்பிக்கும் நமக்கு இது புதிதன்று. பாட்டியல் நூலார் சிற்றிலக்கியங்களைத் தொண்ணூற்றாறு என எண்ணினர். அவ்வெண்ணுக்குள் அடங்காதவையும் பின்னர்ப் பிறந்தன. கணினி விளையாட்டு ஆய்விலும் இதே கதைதான். கிறிஸ் கிராஃபோர்டு 1980களின் தொடக்கத்தில் எழுதிய நூலில் விளையாட்டுகளைத் திறனும் வேகமும் சார்ந்தவை, வியூகம் சார்ந்தவை என இரு பெரும் பிரிவுகளாக வகுத்தார். 2001இல் மார்க் வுல்ஃப் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைமைகளைப் பட்டியலிட்டார். இருபதாண்டுகளில் இவ்வளவு பெருக்கம் நேர்ந்தது என்றால், ஆட்டக்காரர் அசையாமல் நின்றிருந்தாலும் அவர் காலடியில் நிலம் நகர்ந்துகொண்டிருந்தது என்பதே பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 1993இல் 'டூம்' வெளிவந்தது. ஆட்டக்காரர் தம் கண்களாலேயே அவ்வுலகைக் கண்டு சுடும் அமைப்பு அதற்கு முன்பும் இருந்தது. எனினும் 'டூம்' பெற்ற புகழால், அடுத்து வந்த ஒத்த விளையாட்டுகள் யாவும் சில ஆண்டுகள் 'டூம் நகல்கள்' என்றே வழங்கப்பட்டன. பின்னரே தன்னிலை நோக்குச் சுடும் விளையாட்டு என்னும் பொதுப்பெயர் நிலைபெற்றது. ஒரு நூலின் பெயர் ஒரு வகைமையின் பெயராகி, பின் வகைமை தனக்கெனப் பெயர் தேடிக்கொள்வதை நாம் இங்குக் காண்கிறோம். 1998இல் வெளியான 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டின் மீது இரு இளைஞர் கட்டிய மாற்றுருவமே 'கவுண்டர் ஸ்டிரைக்'. 1999இல் சோதனை வடிவிலும் 2000இல் முறையான வெளியீடாகவும் அது வந்தது. தனியொருவர் கதையாக இருந்தது குழுவினர் மோதலாயிற்று.

இன்னும் வியப்பானது வியூக விளையாட்டின் வரலாறு. 'ஸ்டார்கிராஃப்ட்' 1998இலும் 'வார்கிராஃப்ட் 3' 2002இலும் வெளிவந்தன. இவற்றில் ஆட்டக்காரர் படைத்தலைவர். வளம் திரட்டி, பாசறை கட்டி, படை நடத்த வேண்டும். விளையாடியோரே வரைபடங்களைத் திருத்தி அமைக்கும் வசதியும் இருந்தது. அத்தகைய ஆர்வலர் திருத்தங்களிலிருந்தே 2003இல் 'டோட்டா' பிறந்தது. அதில் பாசறை இல்லை, வளந்திரட்டும் ஏவலர் இல்லை. ஒருவருக்கு ஒரு வீரன், ஐவருக்கு ஓர் அணி. 2009இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்', 2013இல் 'டோட்டா 2', 2016இல் கைப்பேசிக்குரிய 'மொபைல் லெஜண்ட்ஸ்' என அக்கிளை மரத்தினும் பெரிதாயிற்று. வியூக விளையாட்டை விரும்பிய ஒருவர் 2004இல் டோட்டாவுக்கு மாறியபோது அவர் விருப்பம் மாறியதா? அவர் இருந்த கிளையே வேறு மரமாயிற்று என்று சொல்வதுதான் பொருந்தும்.

ஓர் ஆட்டக்காரரின் வரலாறு

எண்ணிக்கையிற் பெரிய ஆய்வுகளைப் பார்க்குமுன் ஒருவரின் வரலாற்றை நுணுகி நோக்குதல் பயன் தரும். அவ்வொருவர் வேறெவரும் அல்லர், இக்கட்டுரையாளரே. தன்னையே தரவாகக் கொள்ளுதல் ஆய்வுலகில் சிலருக்கு உவப்பளிக்காது என்பதை அறிவோம். ஆயினும் நாற்பதைக் கடந்த தமிழ் விரிவுரையாளர் பிறரிடம் இத்தகைய ஒப்புதலை வாங்குவதைவிடத் தாமே தருவது எளிது.

நாம் தொடக்கப்பள்ளி மாணவராக இருந்தபோது பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியோடு இணைக்கும் மலிவான விளையாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', 'கான்ட்ரா' ஆகிய இரண்டும் ஒரே பேழைக்குள் வேறு பலவற்றோடு அடைக்கப்பட்டிருந்தன. அப்போது வகைமை என்ற எண்ணமே இல்லை. கையில் கிடைத்ததுதான் விருப்பம். குதிப்பதும் சுடுவதும் ஓடுவதும் நம் முறை வரும்வரை காத்திருப்பதும் சேர்ந்ததே விளையாட்டு. அந்தக் காத்திருப்பையும் விளையாட்டின் பகுதியாகவே நினைவு வைத்திருக்கிறோம்.

இருபதை ஒட்டிய வயதில், பட்டப்படிப்புக் காலத்தில், இணைய மையங்கள் வந்தன. குளிரூட்டி இரைய, வரிசையாக இருபது கணினிகள். மணிக்கு இரண்டு மூன்று ரிங்கிட். 'கவுண்டர் ஸ்டிரைக்' ஒலி தெருவுக்குக் கேட்கும். தோற்றவரின் பெயரைப் பக்கத்து இருக்கையிலிருந்தே கூவி அறிவிப்பர். மலாய், சீன, தமிழ் இளைஞர் ஒரே அணியில் இருந்த இடங்களுள் அதுவும் ஒன்று என்பதைச் சமூகவியலார் கவனித்தல் நலம். முதுகலை படித்த நாள்களில் விடுதியில் டோட்டா ஆடினோம். அப்போது நமக்கு வயது இருபத்து நான்கு, இருபத்தைந்து இருக்கும். முதலாண்டு மாணவர்களிடம் தொடர்ந்து தோற்கத் தொடங்கியதும் அப்போதுதான். இவ்வயதை நினைவிற் கொள்க. கீழே மீண்டும் வரும்.

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்து சென்ற காலத்தில் உடன் ஆட எவரும் இல்லை. ஊரில் நண்பர்கள் கூடும் நேரம் நமக்கு நூலக நேரம். குளிர்கால இரவுகளில் 'சிவிலைசேஷன் 4' ஆடினோம். முறை முறையாக நகரும் அவ்விளையாட்டில் எதிரி காத்திருப்பான். அடிக்குறிப்பு ஒன்றைத் திருத்திவிட்டு வந்து அடுத்த நகர்வைச் செய்யலாம். பிறகு காற்பந்துக் குழுவை மேலாண்மை செய்யும் 'ஃபுட்பால் மேனேஜர்'. பந்தை உதைப்பதே இல்லை, அட்டவணைகளைப் படிப்பதுதான் ஆட்டம். தரவுகளோடு பகலெல்லாம் போராடியவர் இரவிலும் தரவுகளையே பொழுதுபோக்காகக் கொண்டதை என்னென்பது!

நாடு திரும்பி, பணியிற் சேர்ந்து, தந்தையான பின் ஆட்டம் கைப்பேசிக்குச் சுருங்கியது. 2014இல் வெளிவந்த 'த்ரீஸ்', '2048' ஆகிய எண் புதிர்களை ஒரு கையால் ஆடலாம். மறு கையில் குழந்தை உறங்கும். அக்காலத்தில் யாரேனும் கேட்டிருந்தால் நமக்குப் புதிர் விளையாட்டே பிடிக்கும் என்று சொல்லியிருப்போம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று.

உடலும் நேரமும்

மேற்சொன்ன வரலாற்றை முதிர்ச்சி என்று ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: இளமையில் வேகம், நடுவயதில் சிந்தனை. இவ்விளக்கம் கேட்பதற்கு இனிது. ஆனால் இதனுள் குறைந்தது மூன்று வேறு காரணங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது உடல். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 16 முதல் 44 வயது வரையிலான 3,305 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆட்டக்காரர்களின் ஆட்டப் பதிவுகளைப் பகுத்தாய்ந்தனர். புதிய காட்சி ஒன்றைக் கண்டபின் கை செயற்படுவதற்கு எடுக்கும் நேரம் ஏறத்தாழ 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது என்பது அவர்தம் முடிவு. விடுதியில் நம் தோல்விக்கு முதலாண்டு மாணவரின் ஓய்வு நேரமே காரணம் என்று அன்று நம்பினோம்! ஆனால் அவ்வாய்வின் மற்றொரு பகுதியே நமக்கு முதன்மையானதாகத் தோன்றுகிறது. வயதில் மூத்தோர் தோற்றுக்கொண்டே இருக்கவில்லை. குறுக்குவிசைகளை மிகுதியாகப் பயன்படுத்தியும் ஆட்டமுறையை எளிமையாக்கியும் அவர்கள் வேகக் குறைவை ஈடுசெய்வதற்கான அறிகுறிகள் தென்பட்டன. ஆகவே உடல் தளர்ந்ததால் வகைமையை விட்டோம் என்பது தானாக நிகழும் விளைவன்று. ஒரே வகைமைக்குள் இருந்துகொண்டே ஆடும் முறையை மாற்றிக்கொள்வாரும் உளர்.

இரண்டாவது நேரம்; நேரத்தின் அளவைவிட அதன் வடிவம். டோட்டாவின் ஓர் ஆட்டம் முப்பது முதல் ஐம்பது நிமிடம் வரை செல்லும். இடையில் எழுந்தால் மற்ற நால்வரும் தோற்பர். விட்டுச் செல்வோர்க்குத் தண்டமும் உண்டு. சிவிலைசேஷன் பல மணி நேரம் விழுங்கும், ஆனால் எந்த நொடியிலும் நிறுத்தலாம். குழந்தை அழும் வீட்டில் அரைமணி ஆட்டம் இயலாததாகவும் பத்து மணி ஆட்டம் இயலுவதாகவும் ஆகிவிடுகிறது. விருப்பம் என்று நாம் பெயரிட்டது பெரும்பாலும் இடையறவைத் தாங்கும் தன்மையே எனலாம். தொடர்கதையும் சிறுகதையும் வாழ்வின் எந்தெந்த நேரங்களில் படிக்கப்பட்டன என்று ஆராய்வோர் இதனை எளிதில் உணர்வர்.

மூன்றாவது, போட்டி மனப்பான்மை. குவாண்டிக் ஃபவுண்டரி என்னும் நிறுவனம் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் வினாநிரல் வழித் தரவு திரட்டி 2016இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வயது கூடக்கூட மிகுதியாகக் குறையும் நாட்டம் பிறரோடு போட்டியிடுதல் என்றும், மிகக் குறைவாக மாறும் நாட்டம் வியூகம் வகுத்தல் என்றும் காட்டியது. இம்முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுவர். ஒரு தடையையும் உடன் சொல்லுதல் வேண்டும். இது ஒரே காலத்தில் வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டதேயன்றி, ஒருவரையே பல்லாண்டு தொடர்ந்தது அன்று. 1970களில் பிறந்தோர் இளமையில் ஆடிய விளையாட்டுகள் வேறு. 1990களில் பிறந்தோர் ஆடியவை வேறு. வயதால் வந்த மாற்றத்தையும் தலைமுறையால் வந்த வேறுபாட்டையும் இத்தகைய தரவு கொண்டு பிரிக்க இயலாது. ஆட்டத்தையே கைவிட்டவர் இக்கணக்கில் இல்லை என்பதும் ஒன்று.

ஒருவரைத் தொடர்ந்து நோக்கிய எண்ணத்துக்கு ரிச்சர்டு பார்ட்டில் எழுதியவை துணை செய்யும். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா தொடங்கிய எழுத்துவழிக் கற்பனை உலகை அவரோடு சேர்ந்து வளர்த்தவர் இவர். 1996இல் வெளியிட்ட கட்டுரையில் ஆட்டக்காரரைச் சாதிப்போர், தேடுவோர், கூடிப் பழகுவோர், தாக்குவோர் என நால்வகைப்படுத்தினார். ஆசிரியர் பயிற்சிகளில் இந்நால்வகை மனிதரை அடைக்கும் பெட்டிகளாகக் கற்பிக்கப்படுவதைக் கண்டிருக்கிறோம். பார்ட்டிலோ பின்னர் எழுதியவற்றில், ஒரே ஆட்டக்காரர் காலப்போக்கில் ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வதையும் விளக்கினார். தாக்கிப் பார்த்து எல்லைகளை அறிபவர் பின் தேடுகிறார். தேடிக் கற்றதைக் கொண்டு சாதிக்கிறார். சாதித்து ஓய்ந்தபின் உடனாடியவரோடு பேசுவதற்காகவே வருகிறார். ஒரே உலகிற்குள் நிகழும் இந்நகர்வை வாழ்நாள் முழுமைக்கும் நீட்டுவது மிகையாகலாம். ஆயினும் வகை என்பது ஆளுக்கு இட்ட முத்திரையன்று, அவர் நிற்கும் இடம் என்னும் கருத்து நமக்கு ஏற்புடையது.

தங்கையின் வரலாறு

மேற்கண்ட விளக்கங்கள் அனைத்தையும் தடுமாறச் செய்யும் சான்று நம் வீட்டிலேயே உண்டு. நம்மைவிட ஐந்தாண்டு இளையவரான தங்கை, நாம் இணைய மையத்திற்குச் சென்ற காலத்தில் வீட்டுக் கணினியில் 2000இல் வெளிவந்த 'த சிம்ஸ்' ஆடிக்கொண்டிருந்தார். வீடு கட்டுவார், குடும்பம் அமைப்பார், சமையலறைக்கு ஓடு தேர்வார். பெண்கள் இத்தகைய வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளையே விரும்புவர் என்று நண்பர்களிடையே பெரிய உண்மை போலப் பேசியிருக்கிறோம். அம்மானையும் ஊசலும் பெண்பாற்குரியன என்று வகுத்த பழைய மனமே அது.

அண்மையில் அவரிடம் இதுபற்றிக் கேட்டோம். "அண்ணன், என்னை யார் அந்தக் கடைக்குப் போகவிட்டது?" என்றார்.

இரவு ஒன்பது மணிக்குப் புகைமண்டிய இணைய மையத்திற்கு நாம் போகலாம், அவர் போகக்கூடாது. அவ்வளவே. இன்று நாற்பதை ஒட்டிய வயதில், இரு பிள்ளைகளின் தாயாகிய அவர், உடன் பணியாற்றும் நான்கு பெண்களோடு அணி அமைத்து இரவில் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுகிறார். போட்டி நாட்டம் வயதோடு குறையும் என்ற முடிவை அவரிடம் சொன்னபோது, நம் தரவரிசையைக் கேட்டுச் சிரித்தார். அவ்விளையாட்டின் ஓர் ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிவதும், ஆடுவதற்கு வீட்டை விட்டு வெளியேற வேண்டாததும் இதற்குக் காரணங்கள். இங்கு மாறியது விருப்பமா, வாய்ப்பா?

சுவை என்பது தனிமனிதர் உள்ளத்தில் தானே முளைப்பதன்று, சமூக இடத்தால் வடிவம் பெறுவது என்று பியர் போர்தியு 1979இல் விரிவாக நிறுவினார். அக்கொள்கையை நம் மேற்படிப்பில் கற்றுத் தேர்வெழுதினோம். தங்கையின் ஒரு கேள்விக்கு அது முன்பே விடை கூறியிருந்ததை உணர நமக்கு இத்தனை ஆண்டு தேவைப்பட்டது. விருப்பக் கணக்கெடுப்புகளில் பெண்கள் இதை நாடுகின்றனர், மூத்தோர் இதை நாடுகின்றனர் என்று வரும் ஒவ்வொரு வரியையும், அவர்க்கு எந்த அறையின் கதவு திறந்திருந்தது என்ற வினாவோடு படித்தல் வேண்டும்.

தமிழ் வகுப்பும் விளையாட்டின் சொற்களும்

2023இல் 'வெண்பா' என்னும் விளையாட்டு வெளியானது. கனடாவின் தொரொந்தோவில் உள்ள விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் உருவாக்கியது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயின் சிதைந்த சமையற்குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஆட்டக்காரர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்குவதே ஒரு புதிர். இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை அது பெற்றது. சுடுவதில் தொடங்கிய நாம் நாற்பதுக்குப்பின் இதனிடம் வந்து சேர்ந்தோம். புதிரா, கதையா, சமையற் பாவனையா என்று இதன் வகைமையைக் கேட்டால் விடை எளிதன்று. நாம் ஆடி முடித்த அன்று அருகிருந்த மகன், "இதில் யாரையும் தோற்கடிக்க வேண்டாமா அப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். அவனுக்கு வயது பன்னிரண்டு. அவன் வினா நியாயமானது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வகுப்பறைச் சிக்கலுக்கு வருவோம். கடந்த ஆண்டு பயிற்றுப்பணிக்குச் சென்ற நம் மாணவ ஆசிரியர் ஒருவரிடம், நன்மை தீமைத் தலைப்பை விடுத்து, 'பத்து வயதில் எதை விளையாடினாய்? இப்போது அதை ஏன் விளையாடுவதில்லை?' என்று படிவம் நான்கு மாணவர்க்குக் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். இது முறையான ஆய்வன்று. ஒரு வகுப்பில், ஒரு பிற்பகலில் நிகழ்ந்தது. வழக்கமாக ஒரு பக்கத்தோடு நிறுத்தும் மாணவர் சிலர் மூன்று பக்கம் எழுதினர். அண்ணன் வேலைக்குச் சென்றதால் இருவர் ஆடும் ஆட்டத்தைக் கைவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். கைப்பேசியின் நினைவகம் போதாமையால் பிடித்த ஆட்டத்தை அழித்ததாக இன்னொருவர் எழுதியிருந்தார். விருப்ப மாற்றத்திற்குச் சேமிப்பிடமும் காரணம் என்பதை எந்த நூலிலும் நாம் படித்ததில்லை.

எழுத்தில் குறைகள் மிகுதி. வலிமிகும் இடங்களிலெல்லாம் மிகாமலும் மிகா இடங்களில் மிகுந்தும் கிடந்தன. அதனினும் பெரிய இடர்ப்பாடு சொல்லில் நேர்ந்தது. பாத்திரமேற்பு, வியூகம், புதிர், பாவனை என வகைமைப் பெயர்களை ஒருவாறு தமிழில் தரலாம், மாணவரும் ஏற்றுக்கொண்டனர். ஆனால் ஆட்டத்தில் வீழ்ந்த வீரன் சற்று நேரங்கழித்துப் பாசறையில் மீண்டும் தோன்றுவதற்கு என்ன சொல் என்று ஒரு மாணவி கேட்டார். மாணவ ஆசிரியர் 'மறுபிறப்பு' என்று எழுதினார். பின்வரிசை மாணவர் ஒருவர் உடனே மறுத்தார். மறுபிறப்பு என்றால் வேறு உடலும் வேறு பெயரும் வேண்டும். இங்கு அதே ஆள், அதே ஆயுதம், அதே பகை என்றார். 'மீண்டெழல்' என்று ஒருவரும் 'உயிர்த்தெழல்' என்று மற்றொருவரும் முன்மொழிய, பின்னது சமயச் சொல் என்று வேறொருவர் தடுக்க, மணி அடித்த பின்னும் ஐந்து நிமிடம் வகுப்புக் கலையவில்லை. அச்சொல் குறித்து இன்னும் முடிவு எட்டப்படவில்லை. நாம் 'மீண்டெழல்' பக்கம்.